தோட்டத் தமிழரும் வாரிசுச் சட்டமும்: நெகிரி செம்பிலான் மாநிலத்து வரலாறு

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஒருவர் இறந்துவிட்டால் அவர் விட்டுச் சென்ற பொருள் யாரைச் சேரும்? இந்த ஒரு கேள்விக்கு அந்த மண் மூன்று விடைகளைத் தருகிறது. மலாய்க்காரரின் பூர்விக நிலத்திற்கு 'அதாட் பெர்பாத்தே' என்னும் தாய்வழி மரபு ஒரு விடை கூறும். முஸ்லிம்களின் ஏனைய சொத்துக்கு இஸ்லாமியச் சட்டம் மற்றொரு விடை கூறும். தமிழர், சீனர் முதலிய பிறருக்கு நாடாளுமன்றம் இயற்றிய கூட்டரசுச் சட்டமே விடை.

ரெம்பாவ், தம்பின், கோலப்பிலா வட்டாரங்களில் சாலையின் ஒருபுறம் மலாய்க் கம்பமும் மறுபுறம் ரப்பர்த் தோட்டமும் இருப்பது வழக்கமான காட்சியாக இருந்தது. கம்பத்தில் தாய் கண்மூடினால் அவள் நிலம் மகளுக்குப் போகும். அதற்கு உயில் வேண்டுவதில்லை. தோட்டத்தில் தகப்பன் கண்மூடினால் அவன் மனைவி, சட்டத்தில் தனக்குப் பங்கு இருந்தும், அதைக் கையில் பெறுவதற்குப் பல படிகளை ஏறி இறங்க வேண்டியிருந்தது. இவ்வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று, பிற்காலச் சீர்திருத்தங்கள் அதை எந்த அளவிற்கு மாற்றின என்பவை ஆராயத்தக்கவை.

பெண்வழி நிலமும் பதிவேடும்

சுமத்திராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் தாய்வழி மரபையும் உடன் கொண்டுவந்தனர். நெகிரி செம்பிலானில் அவர்கள் 12 சுக்குகளாக, அதாவது குலங்களாக, வகுக்கப்பட்டனர். பிள்ளைகள் தாயின் சுக்கைச் சேர்ந்தவர்கள். பூர்விக நிலம் பெண்ணின் பெயரில் நின்று பெண்களுக்கே இறங்கும். அதைச் சுக்குக்கு வெளியே விற்க மரபு இடங்கொடுக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சி இம்மரபை வாய்மொழியாக மட்டும் விட்டுவிடவில்லை. 1909ஆம் ஆண்டில் மரபுவழி நிலவுடைமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1926இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. அதன்படி நிலப் பதிவேட்டிலேயே 'மரபு நிலம்' என்ற குறிப்பும், உரியவளின் சுக்கின் பெயரும் எழுதப்பட்டன. இ. என். டெய்லர் என்னும் அதிகாரி 1929இல் ரெம்பாவின் மரபுச் சட்டத்தைப் பற்றியும், 1948இல் மாநிலத்தின் வாரிசுரிமையைப் பற்றியும் விரிவான ஆராய்ச்சிகளை வெளியிட்டார். 1951இல் ரெம்பாவில் இம்மரபை மாற்ற வேண்டும் என்று கிளர்ச்சி எழுந்தபோது பெண்கள் அதைக் கடுமையாக எதிர்த்தனர், மரபு நிலைத்தது. பெண்களின் உறுதி இதற்கு ஒரு காரணம். அவர்கள் உரிமை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்கெனவே ஏறியிருந்தது மற்றொரு காரணம் எனலாம்.

இங்கிலாந்தின் பழஞ்சட்டம்

தோட்டத்துத் தமிழருக்கு இத்தகைய பதிவேடு எதுவும் எழுதப்படவில்லை. நெகிரி செம்பிலான் 1896இல் ஐக்கிய மலாய் மாநிலங்களுள் ஒன்றாயிற்று. அம்மாநிலங்களில் 1929இல் ஒரு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை எவ்வாறு பிரிப்பது என்பதை அது வரையறுத்தது. அதன் மூலம், இங்கிலாந்தில் 1670இல் இயற்றப்பட்ட பங்கீட்டுச் சட்டமாகும்.

அந்தப் பழஞ்சட்டப்படி கணவன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரு பங்கு. பிள்ளை இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி. ஆனால் மனைவி இறந்தாலோ அவள் பொருள் முழுவதும் கணவனைச் சேரும். இதை 1677ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கிலாந்தில் உறுதிப்படுத்தியிருந்தது. வியப்பு என்னவென்றால், இங்கிலாந்து இம்முறையை 1925ஆம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டது. தாய்நாடு கழித்துப்போட்டதை நான்கு ஆண்டுகளுக்குப் பின் மலாய் மாநிலங்கள் சட்டமாக ஏற்றன. சுதந்தரம் பெற்றபின் 1958இல் இயற்றப்பட்ட பங்கீட்டுச் சட்டமும் அதே அளவுகோலைத் தொடர்ந்தது. அண்டை நாடான சிங்கப்பூர் 1967இலேயே கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பங்கு என்று தீர்த்துவிட்டது. மலேசியாவில் அந்த ஏற்றத்தாழ்வு 1997 வரை நீடித்தது.

பார்சிகள் என்னும் சிறு சமூகத்தார்க்கு நீரிணைக் குடியேற்றங்களில் தனி வாரிசுச் சட்டம் இருந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதை விலக்கி வைத்து மதித்தது. இந்துக்களின் மிதாட்சர முறைக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. தோட்டங்களிலும் ரயில்வேயிலும் கிராணிகளாகப் பணியாற்றிய யாழ்ப்பாணத்தாரின் தேசவழமைக்கும் இடமில்லை. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இந்துக் கூட்டுக்குடும்பம் என்ற சொல் காணப்படுகிறது. வரி வாங்கும்போது அறியப்படும் கூட்டுக்குடும்பத்திற்குப் பங்கு பிரிக்கும் சட்டத்தில் பெயரில்லை.

எனினும் நடுநிலையோடு நோக்கினால் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 1929இல் தமிழ்நாட்டுக் கூட்டுக்குடும்பத்தில் கணவனை இழந்தவளுக்குப் பெரும்பாலும் ஜீவனாம்சமே உரிமை. 1937ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்கு ஆயுட்காலப் பங்கு ஒன்றை அளித்தது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டமே முழு உரிமை தந்தது. ஆகவே மலாய் மாநிலத்து மூன்றில் ஒரு பங்கு, அது முழு உரிமையோடு கிடைத்ததால், அக்காலத்திற்குக் குறைந்ததன்று. மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பதும் அச்சட்டத்தில் தொடக்கம் முதல் இருந்தது. ஆனால் சட்டம் தந்ததை வழக்கம் பறித்தது. 'நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று' என்ற ஒரு வாக்கியத்தில் மகளின் பங்கு கழிந்துபோன குடும்பங்கள் பல.

மற்றொரு சிக்கலும் உண்டு. நிலம், வீடு ஆகிய அசையாப் பொருளை அது கிடக்கும் நாட்டின் சட்டம் ஆளும்; பணம், நகை ஆகிய அசையும் பொருளை இறந்தவரின் நிலையான தாயகத்துச் சட்டம் ஆளும். ஆகவே சேலத்தைத் தாயகமாகவே கொண்டு, ரந்தாவில் சிறிது ரப்பர் நிலம் வாங்கியிருந்த ஒரு கங்காணி இறந்தால், நிலத்திற்கு மலாய் மாநிலச் சட்டமும் கைப்பணத்திற்கு இந்துச் சட்டமும் பொருந்தும். ஒரே சாவுக்கு இரண்டு சட்டங்கள்.

பிரிப்பதற்கு இருந்தது என்ன?

சட்டம் எவ்வாறு இருப்பினும், தோட்டத் தொழிலாளியிடம் பிரிப்பதற்கு இருந்த பொருள் சொற்பம். குடியிருந்த லயம் கம்பெனியுடையது. மூன்று தலைமுறை அதே லயத்தில் பிறந்து வளர்ந்திருந்தாலும், வேலை உள்ளவரைதான் வீடு. குடும்பத்தலைவன் இறந்தால் மகனோ மகளோ வெட்டுக்காட்டில் பெயர் கொடுத்து வீட்டைக் காப்பாற்ற வேண்டும். கம்பத்துப் பெண் நிலத்தைச் சுதந்தரித்தாள். தோட்டத்துப் பெண் பால்வாளியைச் சுதந்தரித்தாள்.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் இந்நிலை இன்னும் கொடிதாயிற்று. சயாம் ரயில்பாதைக்கு இட்டுச் செல்லப்பட்ட தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் திரும்பவில்லை. எங்கே, எந்த நாளில் இறந்தனர் என்பதற்கு எழுத்து இல்லை. ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றிய செய்தி எட்டாவிட்டால், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. இந்திய சாட்சியச் சட்டத்தைத் தழுவிய அவ்விதி 1950ஆம் ஆண்டு மலாயாச் சட்டத்திலும் இடம் பெற்றது. கணவன் வருவானா என்று காத்திருந்த பெண்ணுக்குச் சட்டம் குறித்த தவணை ஏழாண்டு.

தொழிலாளியின் பெயரில் முதன்முதலாக ஒரு நிலையான சேமிப்பு ஏற்பட்டது 1951இல். அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி ஊழியர் சேமநிதி தொடங்கப்பட்டது. தொழிலாளி நூற்றுக்கு 5, முதலாளி நூற்றுக்கு 5 என்பது தொடக்கக்கால அளவு. ரெம்பாவின் பெண்கள் தங்கள் நிலத்திற்காக வாதாடிய அதே ஆண்டில், அடுத்த தோட்டத்துக்காரர்களுக்கு விட்டுச் செல்வதற்கென ஒரு பொருள் உண்டாயிற்று. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்கு கட்டினர். இதுவும் விட்டுச் செல்லத்தக்க பொருளாயிற்று.

இடையில் 1969இல் மற்றோர் அடி விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரம் தோட்டத் தமிழர் இந்தியாவுக்குத் திரும்பினர். உடன்பிறந்தார் இரு நாடுகளில் பிரிந்தனர். ஒருவர் இறந்தால் வாரிசைத் தேடுவதே பெரும்பாடாயிற்று. எத்தகைய உறவினரும் இல்லையென்றால் சொத்து அரசாங்கத்தைச் சேரும் என்பது பங்கீட்டுச் சட்டத்தின் கடைசி விதி.

1982, 1997 ஆகிய இரு திருப்பங்கள்

தோட்டத்துத் திருமணங்கள் நெடுங்காலம் கோயிலிலோ லயத்து முற்றத்திலோ தாலி கட்டுவதோடு நிறைவெய்தின. ஒருவன் இரு மனைவியரோடு வாழ்ந்தாலும் அவனது சமய மரபு அதை அனுமதித்திருந்தால் சட்டம் தடுக்கவில்லை. மனைவியின் பங்கை இருவரும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று பங்கீட்டுச் சட்டம் விதித்தது. சிங்கப்பூரில் 1908இல் தீர்ப்பான புகழ்பெற்ற 'ஆறு விதவைகள்' வழக்கும் சீனர் திறத்தில் இதே வழியில் சென்றது.

1976இல் இயற்றப்பட்ட திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது விதியாயிற்று, பதிவும் கட்டாயமாயிற்று. அத்தேதிக்கு முன் மரபுப்படி நடந்த திருமணங்கள் செல்லும் என்று அச்சட்டம் காப்பளித்தது. விரும்பினால் அவற்றைப் பின்னர்ப் பதிவு செய்துகொள்ளவும் வழி வைத்தது.

அடுத்த திருப்பம் 1997. அவ்வாண்டு ஆகஸ்டு 31 முதல் பங்கீட்டுச் சட்டத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மனைவியின் பொருள் முழுவதும் கணவனுக்கே என்ற பழைய விதி நீங்கிற்று. கணவனானாலும் மனைவியானாலும் எஞ்சியிருப்பவருக்கு ஒரே பங்கு. பிள்ளைகள் மட்டும் உடனிருந்தால் எஞ்சியவருக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இல்லாமல் பெற்றோர் இருந்தால் பாதிக்குப் பாதி. பிள்ளைகளும் பெற்றோரும் இருந்தால் எஞ்சியவருக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. முன்பு பிள்ளைகள் இருக்கும்போது முதிய பெற்றோருக்கு ஒன்றும் இல்லை. அவர்களையும் சட்டம் இப்போது நினைவுகூர்ந்தது.

இது நல்ல திருத்தமே. ஆனால் ஒரு விளைவைப் பலர் கவனிப்பதில்லை. சிரம்பானில் ஒரு தாமானில் 3,00,000 வெள்ளி பெறும் வீடு ஒன்றை விட்டுக் கணவன் உயிலின்றி இறந்தான் என்று கொள்வோம். மனைவி, பிள்ளைகள், அவன் பெற்றோர் ஆகியோர் இருக்கின்றனர். பழைய சட்டப்படி மனைவியின் பங்கு 1,00,000 வெள்ளி. புதிய சட்டப்படி அது 75,000 வெள்ளி. கணவனைச் சமமாக்கிய அதே திருத்தம், மாமியார் மாமனார் உள்ள வீட்டில் விதவையின் பங்கைக் குறைத்துவிட்டது. அவள் குடியிருக்கும் வீட்டை அவளுக்கென்று தனியே ஒதுக்கும் விதியும் பங்கீட்டுச் சட்டத்தில் இல்லை. லயத்தை விட்டு வெளியேறி, இரு தலைமுறைச் சேமிப்பைக் கொட்டி வாங்கிய முதல் வீட்டிற்கு இது சிறிய விஷயமன்று.

பங்கு உண்டு, பத்திரம் எங்கே?

பங்கின் அளவைவிடப் பெரிய தடை பத்திரங்களே. வாரிசு என்று கோருபவர் இறப்புச் சான்று, திருமணச் சான்று, பிறப்புச் சான்று ஆகியவற்றைக் காட்ட வேண்டும். தோட்டத்தில் பிறந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகளின் சான்றுகளில் தகப்பன் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பது அரிதன்று. கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். எழுத்தறியாத தகப்பன் கைநாட்டு வைத்தான்.

1982க்குப் பின் கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டவர்களின் நிலை இதனினும் இடரானது. பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் திருமணம் செல்லாததாகிவிடாது என்று அச்சட்டமே ஓரிடத்தில் கூறுகிறது. ஆனால் திருமணம் சட்டம் வகுத்த முறையில் நடந்திருக்க வேண்டும் என்றும் அதுவே கூறுகிறது. எந்தத் தாலி செல்லும் என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசியதில்லை. பங்கீட்டுச் சட்டத்தில் 'பிள்ளை' என்பது சட்டபூர்வமான பிள்ளையையே குறிக்கும். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளை தாயின் சொத்தைப் பெறலாம். அதுவும் அவளுக்கு வேறு சட்டபூர்வமான பிள்ளைகள் இல்லாதபோதுதான். ஊரறிய மணமேறிய ஒருத்தியின் பிள்ளைகள், ஒரு தாள் இல்லாமையால் தகப்பன் சொத்துக்கு வெளியே நிற்க நேரலாம் என்பதே இதன் பொருள்.

சமயம் மாறுதலாலும் இத்தகைய இடர் நேர்ந்தது. மணமான ஒருவர் இஸ்லாத்தைத் தழுவி, பழைய திருமணம் நீங்குமுன் இறந்தால், முஸ்லிம் அல்லாத மனைவியும் மக்களும் எதைப் பெறுவர் என்பது நெடுநாள் ஐயமாக இருந்தது. 2017இல் நிறைவேறி 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், குடும்பச் சொத்தைப் பிரித்துத் தருமாறு நீதிமன்றத்தை நாட அவர்களுக்கு வழி செய்தது.

மூன்று வாசல்கள்

பத்திரங்கள் கைக்கு வந்தபின் எங்கே போவது? நிலமில்லாமல், 6,00,000 வெள்ளிக்கு உட்பட்ட அசையும் பொருள் மட்டும் இருந்தால் அமானா ராயா நிறுவனம். 1921இல் அரசாங்க இலாகாவாகத் தொடங்கி 1995இல் நிறுவனமாக மாறியது அது. உயிலின்றி இறந்தவரின் சொத்தில் நிலமோ வீடோ இருந்து, மொத்த மதிப்பு சட்டத்தின் வரம்புக்குள் அடங்கினால் நில அலுவலகம். 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் திறந்த வாசல் இது. இவ்வரம்பு 2009இல் 6,00,000 வெள்ளியிலிருந்து 20,00,000 வெள்ளியாகவும், 2024 ஜூலையில் 50,00,000 வெள்ளியாகவும் உயர்ந்தது. உயில் உள்ளவையும் வரம்பைத் தாண்டியவையும் உயர் நீதிமன்றத்திற்குரியவை. சாதாரணக் குடும்பத்தின் தாமான் வீடு இப்போது வழக்கறிஞர் செலவின்றி நில அலுவலக விசாரணையிலேயே தீரலாம் என்பது, சீர்திருத்தங்களுள் ஏழைக்கு நேரே பயன்படும் ஒன்று.

உயர் நீதிமன்றத்தில் உயிலின்றி நிர்வாகப் பத்திரம் கேட்பவர், பொதுவாக இரு பிணையாளர்களைக் காட்ட வேண்டும். சொத்தின் மதிப்புக்கு ஈடாகப் பொறுப்பேற்கும் இருவரைத் தோட்டத்துக் குடும்பம் எங்கே தேடும்? உயில் இருந்து, அதில் நிர்வாகி பெயர் குறிக்கப்பட்டிருந்தால் இப்பிணை வேண்டுவதில்லை. வயது வராத பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பங்கு அறக்கட்டளைப் பொருளாகக் காக்கப்பட வேண்டும். நிர்வாகிகளும் இருவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது பொறுப்பாட்சி நிறுவனம் ஒன்று ஏற்க வேண்டும்.

உயிலும் நியமனமும்

1959ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பது அதிகமன்று. 18 வயது நிரம்பிய, தெளிந்த மனமுடைய ஒருவர் எழுத்தில் எழுதி, ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரு சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். கைநாட்டும் செல்லும். சாட்சியாக நிற்பவருக்கோ அவர் கணவன் மனைவிக்கோ உயிலில் கொடுத்தது செல்லாது. மகன்மாரையே சாட்சிக்கு நிறுத்தி அவர்கள் பங்கைக் கெடுத்துக்கொள்ளும் பிழை இதனால் நேர்கிறது. உயில் குடும்பத்தைக் கைவிட்டால், மனைவி, மணமாகாத மகள், வயது வராத மகன் முதலியோர் நீதிமன்றத்தில் ஆதரவு கோர 1971ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது.

சேமநிதியின் விதி வேறு. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் யாரை நியமித்தாரோ அவருக்கே அப்பணம் சொந்தம். உயிலில் வேறுவிதமாக எழுதினாலும் நியமனம் மாறாது. திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் தானே இரத்தாகிவிடும். சேமநிதி நியமனமோ திருமணத்தால் அசையாது. 20 வயதில் தாயின் பெயரைக் கொடுத்துவிட்டு, 25இல் மணந்து, 40இல் இறந்தவனின் சேமநிதி முழுவதும் தாய்க்குப் போகும். மனைவிக்கும் மக்களுக்கும் காசு இல்லை. தோட்டத்துக் குடும்பத்தின் பெருஞ்சேமிப்பு இந்நிதியே ஆகையால், ஒரு படிவத்தைப் புதுப்பிக்காமையால் வரும் இழப்பு ஒரு வீட்டையே இழப்பதற்கு ஒப்பாகும்.

செய்ய வேண்டுவன

1929 முதல் இன்றுவரை நடந்த சீர்திருத்தங்கள் பெரும்பாலும் பங்கின் அளவைப் பற்றியவை. எஞ்சியிருப்பவர் குடியிருக்கும் வீட்டை முதலில் அவருக்கென ஒதுக்குவது, அளவைப் பற்றி இன்னும் மீதியிருக்கும் பணி. அதைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றம்.

ஆனால் பத்திரம் பற்றிய பணி மக்கள் கையிலேயே இருக்கிறது. கோயில் குருக்களையே துணைப் பதிவாளராக நியமிக்க 1976ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. அத்தகைய கோயில்களில் தாலியும் பதிவும் ஒரே நாளில் முடியும். தொழிற்சங்கமும் கோயில் நிர்வாகமும் ஆண்டுக்கொரு முறை சேமநிதி நியமனங்களையும் பெயர்ப் பிழைகளையும் சரிபார்க்க ஏற்பாடு செய்தால், அது ஒரு புதிய சட்டத்துக்குச் சமமான பயனைத் தரும். மரபு மட்டும் இருந்தால் போதாது, அது ஏட்டில் ஏற வேண்டும் என்பதை ரெம்பாவின் நிலப் பதிவேடு 1909ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டது. சாலைக்கு மறுபுறம் அந்த ஏடு இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.